திக்லிபூருக்கு ஒரு பயணப்படி

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குப் புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுதுவேன். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பத்திரிகையின் பெயர் வரக்கூடாது.

என் அம்மா போர்ட் பிளேரில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். தலைமை அலுவலகம் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கிறது. அங்கே செலவைக் குறைக்கிறார்கள். முதலில் போட்டோகிராபரை நிறுத்தினார்கள், பிறகு அலுவலக ஸ்கூட்டரை விற்றார்கள், இப்போது பயணப்படியில் கை வைத்திருக்கிறார்கள். புது விதிப்படி நானூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்குப் போனால் அன்றே திரும்பிவிட வேண்டும். வாடகையில்லாத வண்டி கிடைத்தால் அதில்தான் போக வேண்டும். வடக்கு அந்தமான் செய்திகளை இனிமேல் போனில் கேட்டு எழுதினால் போதாதா என்றும் கேட்டார்கள். கிளை மேலாளர் தாமஸ் அங்கிள் அம்மாவுக்காகப் பேசி ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதி வாங்கினார். இந்தப் பயணத்துக்கான பில் பாஸானால் அம்மா தொடர்ந்து வடக்கே போகலாம். பாஸாகாவிட்டால் போன்தான்.

எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து விடுமுறை. நானும் வருகிறேன் என்றேன். என் டிக்கெட்டுக்கும் அலுவலகத்துக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டார்.

அரசுப் பேருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பியது. கட்டணம் ஒருவருக்கு 380 ரூபாய். சன்னலோர இருக்கை வேண்டுமானால் முதல் நாளே முன்பதிவு செய்துவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து பாதுகாக்கப்பட்ட காடு தொடங்குகிறது. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் போலீஸ் துணையோடு எல்லா வண்டிகளும் ஒன்றாகப் போக வேண்டும். அதைத்தான் கான்வாய் என்கிறோம். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. கடைசி கான்வாய் பிற்பகலில் போய்விட்டால் மறுநாள் காலைவரை பாதை மூடியிருக்கும். காட்டைத் தாண்டியதும் பேருந்தோடு நாமும் படகில் ஏறி பாராடாங்குக்குக் கடக்க வேண்டும். அந்தப் படகுத்துறையில் பருப்பு வடை நன்றாக இருக்கும். ரங்கத் என்ற ஊரில் மதியச் சாப்பாடு, மீனோடு 120 ரூபாய். திக்லிபூரில் இறங்கியபோது மணி நாலரை. முந்நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் பகல் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

அன்றே திரும்புவது எப்படி என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

“நீந்தித்தான்” என்றார் அம்மா.

அம்மா எழுத வந்தது தண்ணீரைப் பற்றி. திக்லிபூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே ஒரு குடியிருப்பு. ஆட்டோவுக்கு 250 ரூபாய். ஒரு கான்ட்ராக்டர் அங்கே வீட்டுக்கு வீடு குழாய் போட்டு மூன்று மாதம் ஆகிறது. குழாய்கள் நீல நிறத்தில் அழகாகவே இருந்தன. தண்ணீர்தான் வரவில்லை. பாக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் வள்ளி அக்கா எங்களைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அவர் ராமநாதபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர்.

“பாருங்க மேடம், காத்து மட்டும் நல்லா வருது. இதுக்கு உத்காட்டன் விழா வேற, ரிப்பன் கட்டி, லட்டு குடுத்து.”

“லட்டு நல்லா இருந்துச்சா?” என்று அம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

“அதைச் சாப்பிட்டுத்தான் விக்கல். குடிக்கத் தண்ணி இல்ல.”

இருட்டும் நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. கான்ட்ராக்டரின் டிரைவர் ராஜு இறங்கினார். ராஞ்சிக்காரர், ஆனால் தமிழ் பேசுவார்.

“மேடம், நாளைக்கு காலைல காடி காலியா போர்ட் பிளேர் போவுது. பொண்ணையும் கூட்டிட்டு ஆராமா வாங்க. பைசா ஒண்ணும் வேணாம்.”

“வேண்டாம் ராஜு பாயி. பஸ்ல டிக்கெட் போட்டாச்சு” என்றார் அம்மா. உண்மையில் அப்போது போட்டிருக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

எனக்குக் குழப்பம் இங்கே ஆரம்பித்தது. வாடகையில்லாத வண்டி கிடைத்தால் ஏற வேண்டும் என்பது அலுவலக விதி. ஏறினால் பில்லும் சுலபமாக முடியும். ஜீப் போன பிறகு கேட்டேன்.

“அந்த ஜீப்ல ஏறிட்டு, அவர் போட்ட குழாயப் பத்தி நான் எப்படிடி எழுதுவேன்?”

அது புரிந்தது. ஆனால் அன்று இரவு நாங்கள் தங்கியது வள்ளி அக்கா வீட்டில். எவ்வளவு கேட்டும் அவர் பணம் வாங்கவில்லை. காலையில் குளிக்க ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தார். அரை கிலோமீட்டர் நடந்து ஓடையிலிருந்து எடுத்துவந்த தண்ணீர். பாதி வாளி போதும் என்றேன்.

“அரே, ஊத்திக்கோ பாப்பா. பஸ்ல கசகசன்னு இருக்கும்” என்றார்.

பேருந்தில் அம்மாவிடம் மறுபடியும் கேட்டேன். “ஜீப்ல ஏறக்கூடாதுன்னா, தண்ணி மட்டும் வாங்கலாமா? அவங்களப் பத்தியும்தானே எழுதப்போறீங்க?”

வழியில் மாயாபந்தர் ஊர் வரும்வரை அம்மா குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “தெரியல. அங்க தங்கினோம்னு செய்தியிலயே எழுதிடறேன். படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்” என்றார். எழுதவும் செய்தார். செய்தி மூன்றாம் நாள் வெளிவந்தது. அந்த வரியையும் வெட்டாமல் போட்டிருந்தார்கள்.

பில் அனுப்பிய மறுவாரம் நான் அம்மாவின் அலுவலகத்தில் இருந்தேன். தலைமை அலுவலகக் கணக்காளர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், போன டிக்கெட் ஓகே. வந்த டிக்கெட்ல அடுத்த நாள் தேதி இருக்கே?”

“அன்னிக்கே திரும்ப முடியாது சார்.”

“நைட் பஸ் பிடிச்சிருக்கலாமே?”

“நைட் பஸ்ஸே கிடையாது. காட்டுப் பாதைய மூடிடுவாங்க.”

“காட்டை எப்படி மேடம் மூடுவாங்க?”

தாமஸ் அங்கிள் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா பொறுமையாக விளக்கினார். கணக்காளர் கெட்டவர் இல்லை, கடைசிவரை கேட்டார். பிறகு, “சரி, தங்கினது உண்மைன்னா லாட்ஜ் ரசீது அனுப்புங்க. ஸ்பெஷல் கேஸா லாட்ஜ், டிக்கெட் ரெண்டையும் பாஸ் பண்ணிடறேன்” என்றார்.

“லாட்ஜ்ல தங்கல. ஒரு வீட்ல, சும்மா.”

“அப்போ தங்கினதுக்கு ப்ரூஃப்?”

“நம்ம பேப்பர்லயே வந்திருக்கே சார்.”

“பேப்பர்ல வந்ததெல்லாம் ப்ரூஃப் ஆகுமா மேடம்?” என்றார் அவர், ரொம்ப உண்மையாக. “ஏதாவது ஒரு லாட்ஜ்ல சொல்லி ஒரு ரசீது வாங்கிடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

எனக்கு விளங்கவே இல்லை. அலுவலகத்துக்குச் செலவு வைத்திருந்தால் முழுப் பணமும் கிடைத்திருக்கும். செலவு வைக்காததால் பேருந்துக் கட்டணமும் போகிறது. அம்மா ஒரு பொய் ரசீது வாங்கினால் வடக்குப் பயணமே பிழைத்துவிடும். அம்மா மேசையில் கிடந்த பில் நகலை எடுத்துப் பார்த்தார். பிறகு, “தங்காத லாட்ஜுக்கு ரசீது வாங்க மாட்டேன் சார்” என்றார்.

மாலைக்குள் பதில் வந்துவிட்டது. போன கட்டணத்துக்கு அனுமதி, வந்த கட்டணத்துக்கு இல்லை. வடக்குச் செய்திகள் இனி போனில்.

“அப்படின்னா கணக்குப்படி நான் இன்னும் திக்லிபூர்லதான் இருக்கேன்” என்றார் அம்மா. தாமஸ் அங்கிள் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கான்வாய் நேரத்தைப் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறும். ஏப்ரலில் போனால் குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். யார் வீட்டிலாவது தங்க நேர்ந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுக் குளியுங்கள். நாங்கள் குளித்தது சரியா தவறா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பதில் வந்த அன்று மாலை அலுவலகத்திலிருந்து நாங்கள் கிளம்பும்போது வள்ளி அக்கா போன் செய்தார். செய்தி வந்த பிறகு இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வந்ததாம், இப்போது மறுபடியும் இல்லையாம். “நான் பொய் சொல்றேன்னு அந்த கான்ட்ராக்டர் எல்லார்கிட்டயும் சொல்றான். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க மேடம்.”

“என்ன நடந்துச்சுன்னு போன்லயே சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று அம்மா ஆரம்பித்தார். அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. பாதி வார்த்தைகள் வரவில்லை. அம்மா இரண்டு முறை “ஹலோ” சொன்னார். பிறகு உரக்கச் சொன்னார்: “வள்ளி, கேக்குதா? வெள்ளிக்கிழமை வரேன்.”

யார் பணத்தில் என்று நான் கேட்கவில்லை. தாமஸ் அங்கிளும் கேட்கவில்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு விளக்குகளை அணைத்தார்.