சுவருக்கு மேலே போன கட்டுரை

அடுத்த "காம்பரா"வில் பாக்கியம் அத்தை மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் வரிசையாக இருமுவோம். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த ஓரறை வீடுகளில், ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரைவரை போகாது. ஆளுயரத்துக்குச் சற்று மேலே எழும்பி, இதற்குமேல் உங்கள் பாடு என்று நின்றுவிடும். அதனால் புகை, தாளிப்பு வாசம், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாமே எங்களுக்குப் பொதுச்சொத்து.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பேச ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் வந்தார். மேடைத் தமிழுக்குக் கொட்டாவி விடத் தயாராக இருந்த எங்களிடம் அவர், "நானும் லயத்துல பொறந்தவதான். என்னையும் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பத்தான் பாத்தாங்க. எங்கம்மா முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னாங்க. அதனாலதான் இங்க நிக்கிறேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி, பாக்கியம் அத்தையின் மூத்த மகள், என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா இல்லாத வீடு அது. அவளைக் கொழும்புக்கு அழைத்துப்போக வரும் ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வருவதாகப் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் தாதியின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டிய அம்மாக்கள் எல்லாம் அந்த நேரத்தில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் தமிழ் வாத்தியார், அந்தப் பேச்சைக் கேட்காத ஒருவரின் மனத்தை மாற்றும்படி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். "ஆரை மாத்தப்போறாய் எண்டு முதல்ல முடிவெடு, பிள்ளை. எல்லாருக்கும் எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் போய்ச் சேராது" என்றார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் நடுச்சுவரோரம் உட்கார்ந்து, பாடம் படிப்பதுபோல் உரக்க வாசித்தேன். கல்வியின் மேன்மை, அறிவின் ஒளி என்று எங்கெங்கோ பொறுக்கிய வார்த்தைகள். "ஏன்டி, மேன்ம மேன்மங்கிறியே, அத ஒலையில போட்டா பொங்குமா?" என்று சுவருக்கு மேலாக வந்தது அத்தையின் குரல். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. அம்மாவிடம் சொன்னேன். "செல்விக்கும் சேத்தே ரொட்டி தட்டிடுறேன்னு எழுது" என்றார். அதை எழுதி அடுத்த நாள் வாசித்தேன்.

"சரி, வயசுக்கு வந்த புள்ள. நான் மலைக்குப் போனப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

அதற்கும் எழுதினேன்: இங்கே ஒரு சத்தம் போட்டால் லயமே ஓடிவரும், கொழும்பில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டால் யார் வருவார்கள்? இதை வாசித்து முடித்தபோது அந்தப் பக்கம் விறகைப் படாரென்று முறிக்கும் சத்தம் கேட்டது. அத்தை கோபித்துக்கொண்டார் என்று பயந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வந்தார். செல்வியின் துணிப்பை வாசலில் கட்டித் தயாராக இருந்தது. அத்தை படியை மறித்து நின்று பேச ஆரம்பித்தார். என் கட்டுரைதான், ஆனால் அவருடைய பாஷையில். ரொட்டி வந்தது, லயம் ஓடிவந்தது, பூட்டிய வீடும் வந்தது. கடைசியில் நான் எழுதாத ஒன்றையும் சொன்னார்: "அவ கூப்புட்டா எனக்குக் கேக்கணுங்க. கேக்காத தூரத்துக்கு அனுப்பமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கி உள்ளே போட்டார். செல்வி அழுதாள், நானும் அழுதேன். புரோக்கர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கட்டுரைக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்பது மறந்துவிட்டது. அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது தனித்தனி வீடுகள், கூரையைத் தொடும் சுவர்கள். புரோக்கர்மாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. அவர்கள் மறைந்துபோனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். செல்வி கொத்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அத்தை அவளோடுதான் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அத்தைக்குக் காது அறவே கேட்பதில்லை. செல்வி அவரைக் கூப்பிடுவதில்லை, கிட்டப் போய்க் கையைத் தொடுகிறாள்.