அடம் மறந்த அம்மணி

கோட்டைக்குப்பத்தில் எல்லம்மாவின் மகளைப் பார்த்துப் பெருமூச்சு விடாத தாய் கிடையாது. அம்மணிக்கு ஏழு வயசு. அழமாட்டாள். இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்று என்று கேட்கமாட்டாள். ஊற்றினால் குடிப்பாள், ஊற்றாவிட்டால் கலயத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். "பெத்தா இப்பிடிப் பெக்கணும்"னு பக்கத்துக் குடிசை கோவிந்தம்மா வாய்க்கு வாய் சொல்லுவாள். ஊர் வாய்க்கு என்ன, புகழ்ந்துவிட்டுப் போய்விடும். பெற்றவளுக்குத்தான் அந்தப் புகழ்ச்சி கசந்தது.

ஏனென்றால் பஞ்சத்துக்கு முன்னால் இதே பெண் லேசுப்பட்டவள் இல்லை. தன் மீன் துண்டு சின்னதாக விழுந்தால் குடிசையே ரெண்டுபடும். அவளும் அண்ணன் தருமனும் கட்டிப் புரண்டு உடைத்த சட்டிக்குக் கணக்கே கிடையாது.

அப்புறம் மழை பொய்த்தது. திருப்பாலைவனத்து வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஏரி சுருங்கிச் சேறானது, இறால் அற்றுப்போனது. உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டைப் பக்கம், அடிமையாகக் கப்பலேற்றப் பிள்ளை வாங்கும் தரகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருநாள் காலையில் எல்லம்மாவின் புருஷன் ரங்கன் தருமனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். திரும்பும்போது தோளில் அரிசி மூட்டைதான் இருந்தது.

"அண்ணன் எங்க நைனா?" என்றாள் அம்மணி.

பாவி மனுஷன், வாய்க்கு வந்ததைச் சொன்னான். "ரொம்ப அடம் பிடிச்சான். அதான் கப்பல்காரனாண்ட குடுத்துட்டேன்."

எல்லம்மா பக்கத்தில்தான் நின்றாள். அப்படியில்லை என்று அவளும் சொல்லவில்லை. சோற்றுக்குப் பிள்ளையை விற்றோம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு எழும்? அன்றோடு அம்மணியின் அடம் போனது.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது எல்லம்மாவுக்கு. போகப்போகப் பயம் வந்துவிட்டது. வேண்டுமென்றே கூழைக் குறைத்து ஊற்றிப் பார்த்தாள். கேட்கட்டும், சண்டைக்கு வரட்டும், ஒரு தரமாவது அழட்டும். ஊஹூம். பூசாரியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போடவைத்தாள். பேய் பிடித்திருந்தால் அல்லவா திருநீறு கேட்கும்.

மழை திரும்பி ஏரி நிறைந்ததும் இறால் தடவ மகளையும் கூட்டிப்போனாள். தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிற வேலை. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி போச்சு. ஆனால் கெளுத்தி மீன் முள் குத்திவிட்டால் யாரும் பறியைப் பார்ப்பதில்லை. மீசை வைத்த ஆம்பளைகளே அதை விட்டுவிட்டு அலறிக்கொண்டு கரைக்கு ஓடுவார்கள்.

அன்றைக்கு அம்மணி கரையேறியபோது அவள் வலது கை வீங்கிப் பளபளத்தது. உள்ளங்கையில் கெளுத்தி முள் ஒடிந்து நின்றது. பறி இன்னும் பல்லில்தான் இருந்தது.

"எப்போடி குத்துச்சு?" எல்லம்மா பறியைப் பிடுங்கினாள்.

"அப்பவே."

"இன்னாத்துக்குடி கத்தாம இருந்த?"

"கத்துனா என்னையும் அண்ணன் மாதிரி குடுத்துடுவீங்க."

எல்லம்மா அங்கேயே குந்தினாள். முள்ளை எடுத்தாள், குடிசைக்குத் தூக்கிப்போய் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். பிறகு மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"உங்கண்ணன் அடம் பிடிக்கல கண்ணு. தங்கமான புள்ள அது. வூட்ல துன்றதுக்கு ஒண்ணுமே இல்ல. அரிசிக்குத்தான் குடுத்தோம். உங்க நைனா பொய் சொன்னாரு, நானும் வாய மூடிக்கினேன். நீ கத்து, அழு, சட்டிய ஒட. உன்ன யாருக்கும் குடுக்கமாட்டோம்."

அம்மணி யோசித்தாள். இத்தனை காலம் கழித்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் எல்லம்மா அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த அரிசிய நானுந்தானே துன்னேன்?"

எல்லம்மாவின் கை நின்றது. பொங்கிப் போட்டவளே அவள்தான்.

அம்மணி அழ ஆரம்பித்தாள். கோவிந்தம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவரும் அளவுக்கு அழுதாள். இந்த அழுகைக்காகத்தான் எல்லம்மா சாமியை வேண்டாத நாளில்லை. இப்போது அதைக் கேட்கமுடியாமல் தன் காதைப் பொத்திக்கொண்டாள்.