மூன்றாம் மாடித் துப்பாக்கி

துப்பாக்கி செய்கிறேன் என்று பட்டாளம் ஆளுகிற இந்தக் காலத்து ரங்கூனில் வாய் திறந்து சொல்லக் கூடாது. அது தெரியாத வயதல்ல எனக்கு. ஆனாலும் சொன்னேன். அதுவும் எழுத்தில், முகம் தெரியாத ஓர் ஆன்லைன் கடைக்காரருக்கு. "என் வீட்டுக்காரருக்காக ஒரு துப்பாக்கி செய்கிறேன். படத்தில் உள்ள விசைக் கைப்பிடி அதற்குப் பொருந்துமா?" என்று பர்மியத்தில் மரியாதையாகக் கேட்டிருந்தேன். தண்ணீர்த் துப்பாக்கி என்று போடத் தோன்றவில்லை. என் மனசில் வேறு எந்தத் துப்பாக்கியும் இல்லாதபோது எப்படித் தோன்றும்? அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கடையே என் போனிலிருந்து காணாமல் போயிற்று. மனிதர் என்னைத் தடை செய்துவிட்டுப் பிழைத்தோம் என்று ஓடியிருக்கிறார். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவுத் தாழ்ப்பாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வம்பை விலைக்கு வாங்குவது என்பார்கள். நான் விலை விசாரிக்கும்போதே வாங்கிவிட்டேன்.

நமக்குச் சித்திரை வருஷப் பிறப்பு வரும் அதே நாட்களில்தான் பர்மியருக்குத் திஞ்சான், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் திருநாள். எங்கள் தாகேதாத் தெருவில் அப்போது நனைந்தவர், நனையாதவர் என்று இரண்டே சாதி. நனைத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பது சட்டம். என் வீட்டுக்காரர் லைன் பஸ் ஓட்டினவர். வருஷம் முழுக்கச் சாலையில் வாங்கிய திட்டையெல்லாம் அந்த நாட்களில் தண்ணீராகத் திருப்பிக் கொடுப்பார். பச்சடிக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருப்பவளைக்கூட விடமாட்டார். எத்தனை வருஷப் பிறப்புக்குப் புதுப்புடவையை ஈரமாகவே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன்!

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சும் பாதி திரும்பியது, ஆனால் அந்தப் பாதியில் முக்கால்வாசி "வேணாம்" என்ற சொல்தான். வலது கை மட்டும் மடியில் கிடந்தது. அந்தக் கையில் உயிர் இருக்கிறது, விரல் மடங்குகிறது, அவர்தான் அதை வேலை வாங்க வேண்டும் என்று கைப்பயிற்சி கொடுக்கிற அம்மாள் சொன்னார். "இப்ப விட்டுட்டீங்கன்னா அப்பறம் அந்தக் கை வெறச்சுப் போயிரும், திரும்பாது" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு வேறு கவலையே இல்லை, அந்தக் கைதான்.

பிடித்துப் பிடித்து விடுவதற்கு ஒரு பஞ்சுப் பந்து கொடுத்திருந்தார்கள். அவர் அதை இடது கையால் எடுத்துப் பால்கனி வழியாகத் தெருவில் எறிவார். எங்கள் ஊர் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். கீழே ஒரு கூடை, மேலே ஒரு மணி. பால், பேப்பர், காய்கறி எல்லாம் அதில்தான் ஏறும். யாராவது கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நான் போய்த் தூக்குவேன். பந்து கீழே போய்க் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும். கீழ்வீட்டு அமா கூடையில் போட்டிருப்பார். அமா என்றால் பர்மியத்தில் அக்கா. முட்டையும் போன் கார்டும் விற்கிறவர், நல்ல வாய். "ஒன் வூட்டுக்காரர் கோழி மாதிரி தினமும் ஒண்ணு போடுறாரு. விக்கலாமா?" என்று கத்துவார். நான் கயிற்றை இழுத்துக்கொண்டே சிரிப்பேன். உள்ளே திரும்பும்போது சிரிப்பு இருக்காது.

பங்குனிப் பாதியில் ஒருநாள் தெருவில் தண்ணீர்த் துப்பாக்கி விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். அவர் தலையைத் திருப்பிக் கேட்டார். பிறகு, "இந்த வருசம் நமக்கில்ல" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த முழு வாக்கியம் இப்படியா வர வேண்டும்! எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் இல்லை? கடைத் துப்பாக்கியை ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை இழுக்க வேண்டும். அப்படியானால் ஒரே கையால் சுடுகிற துப்பாக்கியை நானே செய்துவிடுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதைத் தவிர வேறெந்தப் பொறியையும் தொட்டவளில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவது எங்கள் குடும்ப வழக்கம்.

போனில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டது இதுதான். குண்டான குழாயில் பாதி தண்ணீர் நிரப்பி, மீதியில் சைக்கிள் பம்பால் காற்றை அடைத்துவிட்டால், விசையை அழுத்தியதும் காற்றே தண்ணீரைத் தள்ளும். சந்தைச் சாலையில் இருக்கிற குழாய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயசானவர், உலே என்று கூப்பிடுவோம், மாமா மாதிரி. அவர் காதருகே குனிந்து, "உலே, தண்ணித் துப்பாக்கிக்கு" என்று தண்ணியை அழுத்திச் சொன்னேன். ஒரு தடவை பட்டது போதாதா? அவர் கடை முழுக்கக் கேட்கிறமாதிரி, "துப்பாக்கியா?" என்றார். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "தண்ணி, தண்ணி" என்று நான் கையால் தெளித்துக் காட்ட வேண்டியதாயிற்று. நீலக் குழாய், இரண்டு பக்கத்துக்கும் மூடி, பசை, திருகு மறையில் சுற்றும் வெள்ளை டேப் எல்லாம் கொடுத்தார். சைக்கிள் கடையில் காற்றடைக்கும் வால்வு கிடைத்தது. பழைய நாற்காலிக் கால் ஒன்று கட்டையாயிற்று. கிடைக்காதது விசை ஒன்றுதான். உலே ஒரு திருகு குழாயைக் காட்டி, இதைத் திருப்பினால் போதும் என்றார். அது துப்பாக்கி இல்லை, குளியலறை. விசையை அழுத்தினால்தான் என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி.

அந்த விசையைத் தேடித்தான் முதலிலேயே ஆன்லைனுக்குப் போய்த் தடை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அமாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத் தன் போனில் வேறொரு கடையைத் திறந்தார். "கார் கழுவுற கைப்பிடின்னு கேளு. அதுவும் விசைதான், அதுவும் தண்ணிதான்" என்றார். கொண்டுவந்து கொடுத்த பையன் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்து, "ஆன்ட்டி, காரை எங்க நிப்பாட்டுவீங்க? தெருவுல எடமே இல்லயே" என்றான். "பெட்டிய மட்டும் கூடையில போடு தம்பி" என்றேன்.

பெட்டியைப் பிரித்ததும்தான் விஷயம் தெரிந்தது. படத்தில் கைக்கு அடக்கமாக இருந்தது, நேரில் யானைத் தும்பிக்கை. விசை அவ்வளவு இறுக்கம், நான் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அசைந்தது. திருப்பி அனுப்பலாமென்றால் திஞ்சானுக்குக் கடைகளெல்லாம் மூடப்போகிற நேரம். விசையின் கம்பிச்சுருளில் கொஞ்சம் வெட்டி எடுத்தேன், மெஷின் எண்ணெய் விட்டேன். அவர் இடது கை பஸ் ஸ்டீயரிங் பிடித்த கை, எப்படியாவது அழுத்திவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் தரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேணாம் என்று சொல்லவில்லை, அதை நான் கவனித்தேன். முதல் தடவை பம்ப் அடித்ததும் கைப்பிடி மறையிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி, முருகன் படத்துக்கு அபிஷேகமே நடந்துவிட்டது. ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டேப்பு... மாத்திச் சுத்திட்ட."

"என்னங்க?"

"மறை எந்தப் பக்கம்... திருகுமோ, அந்தப் பக்கம் சுத்தணும்."

மாற்றிச் சுற்றினேன். ஒழுகவில்லை. அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், பஸ்ஸைச் சந்தில் பின்னுக்கு எடுத்து நிறுத்திய பெருமை. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

தண்ணீர் இன்னொரு சங்கடம். கரன்ட் வந்தால்தான் மோட்டார், மோட்டார் ஓடினால்தான் மேல்தொட்டியில் தண்ணீர். கரன்ட் வந்த நொடியில் தெருவே "மீ லாபி!" என்று கத்தும், விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நான் பாத்திரம் பாத்திரமாகப் பிடித்துவைப்பேன். குளிக்கவே அளந்து ஊற்றுகிற வீட்டில், துப்பாக்கிக்கென்று ஒரு தனி வாளி மூடிவைத்தேன். பக்கத்து வீட்டில் தெரிந்தால் எனக்குத்தான் பக்கவாதம் மூளைக்கு ஏறிவிட்டதென்று சொல்லியிருப்பார்கள்.

திஞ்சான் முதல் நாள் தெருவில் முன்னைப்போலக் கூட்டமில்லை. இந்த வருஷங்களில் எல்லாமே அடங்கித்தான் நடக்கிறது. இருந்தாலும் அமா தன் வாசலில் ஒரு பீப்பாயும் வெள்ளிக் கிண்ணமும் வைத்திருந்தார், சில பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. முந்தின நாள் பெய்த தூறலில் படௌக் பூத்திருந்தது. நம் வேங்கைப் பூதான், மஞ்சளாக, ஒரே நாள் இருக்கும். ஒரு கொத்தை வாங்கித் துப்பாக்கிக் கட்டையில் கட்டினேன். நீலக் குழாயும் மஞ்சள் பூவுமாக இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

அவரைப் பால்கனி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருடைய பழைய லுங்கியைக் கிழித்துச் செய்த வாரைக் கழுத்தில் மாட்டி, கட்டையை இடது அக்குளில் வைத்து, குழாயைக் கம்பிமேல் சாய்த்தேன். அவர் அழுத்தினார். விசை அசைந்தது, ஆனால் அவ்வளவு பலம் போட்டதில் குழாய் வானத்தைப் பார்த்து எழும்பியது. தண்ணீர் எங்கள் கொடித் துணியில் விழுந்தது. மறுபடி அழுத்தினார். இந்த முறை என் மூக்குக் கண்ணாடி. ஒரே கையால் சுடுகிற துப்பாக்கி என்று நான் செய்தது ஒரே கையால் சுட முடியாத துப்பாக்கி.

"வேணாம். எடுத்துட்டுப் போ" என்றார். முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

வருத்தத்தைக் காட்டப் பிடிக்காமல் கோபத்தைக் காட்டினேன். "எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்களே எடுத்துத் தெருவுல போடுங்க, பந்தைப் போடுற மாதிரி" என்று சொல்லி, குழாயை நிரப்பி, கடைசித் துளி ஆத்திரம் வரைக்கும் பம்ப் அடித்து வைத்துவிட்டு, அமா வீட்டு வாசலுக்கு இறங்கிப் போனேன்.

"சுட்டாரா?" என்றார் அமா.

"என்னைச் சுட்டாரு, வாயால" என்றேன். டேப் சுற்றிய கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் இருக்கும்போதுதான் பிடரியில் சில்லென்று விழுந்தது. தூறல் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை முதுகெல்லாம் நனைந்தது. புதுப்புடவை.

அண்ணாந்து பார்த்தேன். கம்பிமேல் நீலக் குழாய் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. விசையில் இடது கை. குழாய் எழும்பாமல் அதன்மேல் வலது கை கிடந்தது. இடது கையால் தூக்கித்தான் அங்கே வைத்திருப்பார். ஆனால் விரல்கள் மடங்கிக் குழாயைப் பிடித்திருந்தன. அதை யாரும் தூக்கி வைத்திருக்க முடியாது.

"அடப்பாவி மனுசா! குடிக்கத் தண்ணியில்லாத வூட்டுல!" என்று கத்தினேன். என் வாய்க்கு அந்த நேரம் அதுதான் தெரிந்தது.

மேலேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு குரல் வந்தது. "கோவப்படக் கூடாது. திஞ்சான்."

பிறகு, "தண்ணி... தீந்துபோச்சு" என்றார்.

அமா பீப்பாயிலிருந்து ஒரு பாட்டிலை நிரப்பி மூடிக் கூடையில் வைத்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். மேலே மணி அடித்தது. கூடையைத் தூக்குவது என் வேலை. பழக்கத்தில் நான் படிக்கட்டுக்குத் திரும்பி முதல் படியில் காலையும் வைத்துவிட்டேன்.

"நில்லு" என்றார் அமா.

கூடை தரையை விட்டு எழும்பியது. ஒரு முழம் ஏறி நின்றது. இடது கை அடுத்த பிடிக்குப் போகும்போது கயிறு வழுக்கிப் பாதி இறங்கியது. மறுபடி ஏறியது. இந்தமுறை இறங்கவில்லை. கூடை ஆடிக்கொண்டே அந்தரத்தில் நின்றது, ஏறியது, நின்றது. ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் அதை எந்தக் கை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடிப் பையன் எட்டிப் பார்த்து உதவிக்குக் கையை நீட்டினான். "தொடாதே!" என்று நானும் அமாவும் ஒரே நேரத்தில் கத்தினோம்.