பாஸ்போர்ட் இல்லாத கோல்கீப்பர்

நான் மரக்காணம் போனதற்குக் காரணம் அங்குள்ள உப்பளம் இல்லை, கால்பந்து. கனடாவில் இருக்கும் என் நண்பன் ஜெகன் ஒரு கால்பந்து அணியை நடத்துகிறான். தனி நாடு இல்லாத இனங்களின் அணிகள் மோதும் போட்டியில் ஈழத்தமிழர் பெயரில் ஆடும் அணி அது. "மரக்காணம் பக்கம் ஒரு கோல்கீப்பர் இருக்கிறான், வீடியோ பார்த்தனான். ஒருக்கா நேரில போய்ப் பார்த்துச் சொல்லு மச்சான்" என்றான். வரைபடத்தில் இல்லாத நாட்டுக்கு எதற்கு ஜெர்சி என்று அவனிடம் பலமுறை வாதாடியவன் நான். இருந்தாலும் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

திருவான்மியூரில் காலை 10.40க்குப் புதுச்சேரி பேருந்து. மரக்காணத்தில் இறங்கும்போது மணி 1.20, கட்டணம் 110 ரூபாய். மீன் சாப்பாடு 120. அங்கிருந்து அனுமந்தைக்கு ஷேர் ஆட்டோ, 30 ரூபாய்.

"இந்த வெயில்ல மேட்ச் பாக்கவா வந்தீங்க? ரூபன் ஆடுறானா? அப்ப போங்க சார், அவன் நின்னா பந்து உள்ள போவாது" என்றார் ஓட்டுநர்.

மாதா கோயில் மைதானத்துக்கு ஒரு பக்கம் உப்பளம். பந்து பாத்தியில் விழுந்தால் வேலை செய்பவர்களே தூக்கிப் போடுகிறார்கள். காய்ந்ததும் பந்து வெள்ளை பூத்துவிடுகிறது. (அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், நான் கசக்கிவிட்டுத் தவித்தேன்.) ரூபனுக்கு இருபத்தாறு வயது, பெயின்டர் வேலை. இங்குள்ள அகதிகள் முகாமில் பிறந்தவன், இலங்கையைப் பார்த்ததே இல்லை. அன்று ஒரு பெனால்டியைப் பாய்ந்து தட்டிவிட்டான். நான் என்னை மறந்து கத்தினேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜெகனை வீடியோவில் அழைத்தேன். ரூபனின் அம்மா புஷ்பமும் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜூன்ல போட்டி. பாஸ்போர்ட் நம்பரை மட்டும் அனுப்பிவிடும், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்" என்றான் ஜெகன்.

"பாஸ்போர்ட்டுக்கு நான் எங்கங்க போவேன்? எங்கிட்ட முகாம் அட்டைதான் இருக்குது" என்றான் ரூபன். பிறகு சிரித்துக்கொண்டே, "நாடு இல்லாதவங்க டீமுக்கும் பாஸ்போர்ட் வேணுமாண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

ஜெகன் அணியில் ஆடும் எல்லோரிடமும் ஏதோ ஒரு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. நாடே இல்லாதவனால்தான் போக முடியாது.

"எண்டாலும் அணிப் பட்டியலில உம்மட பேரைப் போடுறன்" என்றான் ஜெகன்.

"வேணாங்க. ஆடாத மேட்ச்சுல எம்பேரு எதுக்கு?"

புஷ்பம் மகனின் கையிலிருந்து போனை வாங்கினார். "போடுங்கோ தம்பி. இஞ்ச எல்லாத் தாளிலயும் இவன் அகதி எண்டுதான் கிடக்கு. ஒரு தாளிலயாவது கோல்கீப்பர் எண்டு கிடக்கட்டும்."

ரூபன் தலை குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி முடித்ததும், "சரி, போடுங்க. ஆனா அங்க நிக்கப்போற கோல்கீப்பர்கிட்ட நான் பேசணும்" என்றான்.

பேசினான், வாரம் இரண்டு முறை. எந்த உதை எப்படி வரும், எப்போது முன்னால் ஓடி வரவேண்டும் என்று வீடியோ எடுத்து அனுப்பினான்.

ஜூனில் மறுபடி போனேன். அனுமந்தை டீக்கடையில் என் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஐந்தாறு பேர் ஆட்டம் பார்த்தோம். அணிப் பட்டியல் திரையில் வந்ததும் புஷ்பம் மகனின் பெயரைத் தேடித் தொட, படம் நின்றுபோனது. எல்லோரும் கத்தினோம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. "எடது பக்கம் விழுடா!" என்று ரூபன் எழுந்து நின்றான். அந்தக் கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்தான். ஒன்றுக்கு இரண்டு, தோல்வி.

"உதைக்கிறவன் காலைப் பாருடான்னு எத்தினி வாட்டி சொன்னேன்! கண்ணைப் பாத்து ஏமாந்துட்டான்!" ரூபனின் டீ அப்படியே ஆறிப்போனது.

இப்படி ஒரு அணி வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், வேண்டும் என்பேன். அது நாட்டைத் தந்துவிடாது, பாஸ்போர்ட்டையும் தராது. ஆனால் தோற்றால் இவ்வளவு கோபப்படுவதற்கு ஒரு மனிதனுக்கு ஓர் அணி இருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரியே நல்லது, ஜூன் வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர் கட்டாயம். உப்பள வரப்பில் கேட்காமல் இறங்காதீர்கள். முகாம் வேடிக்கை பார்க்கும் இடமல்ல, அனுமதியில்லாமல் போகவும் முடியாது. ஞாயிறு நான்கு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். கோல்கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் ரூபன் திட்டுவான், பக்கவாட்டில் உட்காருங்கள்.