மாடம்பாக்கம் மொட்டை மாடியில் ஒரு மரநாய்

பாலூட்டிகளைப் படிக்கிற பிழைப்பில் பாதி நேரம் விலங்குக்காகக் காத்திருப்பதிலும், மீதி நேரம் "இதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்பவர்களிடமிருந்து தப்பி ஓடுவதிலுமே போய்விடுகிறது. விலங்கியல் எடுத்து நொந்துபோன சக ஜீவன்களே, உங்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்படுங்கள், போதும்.

நான் பவித்ரா. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருடம். எங்கள் மாடம்பாக்கம் அடுக்ககத்திலேயே மரநாய் உலாவுகிறது என்று நம்பி, 'புறநகர் மரநாய் என்ன தின்கிறது?' என்பதையே ப்ராஜெக்டாக எடுத்துத் தொலைத்தேன். மரநாய் பெயரில் மட்டும்தான் நாய். உடம்பு பூனை மாதிரி, மூஞ்சி கீரி மாதிரி, பழம் கிடைத்தால் உலகமே வேண்டாம் அதற்கு. ராத்திரியில்தான் நடமாட்டம். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியையை எல்லோரும் 'மேடம்' என்றுதான் சொல்வோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மரநாய் அங்கே இருப்பதற்கு முழுசாக ஒரு படம் வேண்டும். இல்லாவிட்டால் லேபில் வெள்ளெலிக்குத் தீனி போட்டு எடை பார்க்கிற ப்ராஜெக்டுக்கு மாறிவிட வேண்டும். வெள்ளெலி பக்கத்தில் போனாலே எனக்குத் தும்மல் பிடுங்கிக்கொள்ளும். அது கிடக்கட்டும், எனக்கு மரநாய்தான் வேண்டும். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை.

ஷேர் ஆட்டோவில் வகைப்பாடு

ஒரு சாயங்காலம்; மறுநாள் வகைப்பாட்டியல் தேர்வு. தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு உட்கார்ந்து, வரிசை, குடும்பம், பேரினம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் டிரைவர் அண்ணனால் தாங்க முடியவில்லை. "இன்னாமா, மந்திரம் கிந்திரமா?" என்றார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாராவது கேட்டுவிட்டால் பாடமே எடுத்துவிடுவேன். வௌவாலுக்கும் முடி உண்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும்; திமிங்கலமும் அப்படித்தான்; அதனால் யானை, எலி, வௌவால், நீங்கள், நான் எல்லோருமே ஒரே வகுப்பு, தூரத்துச் சொந்தம் என்று விளக்கினேன். பின்சீட்டில் ஒரு அம்மா காய்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கியரைத் தட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எம் மச்சானே என்னைச் சொந்தம்னு ஒத்துக்க மாட்டேங்கிறான், வௌவால் ஒத்துக்கினு இன்னா ஆவப்போவுது?"

கால்தடம்

விலங்கைப் பார்க்க முடியாவிட்டால் கால்தடத்தைப் பார் என்பது எங்கள் துறையின் பாலபாடம். மெல்லிய பொடியைத் தரையில் பரப்பிவிட்டால், ராத்திரி நடந்து போகிற விலங்கின் பாதம் அச்சாகப் பதிந்துவிடும். என் ப்ராஜெக்ட் கூட்டாளி ஸ்டீபன், பீர்க்கன்கரணைக்காரன், ஆணோ பெண்ணோ எல்லோரையும் "மச்சான்" என்பவன், ஒரு யோசனை சொன்னான். "மச்சான், கோலமாவை விட நைஸான பொடி உலகத்துலயே கெடையாது." வாங்கிவந்து, காம்பவுண்டுச் சுவர் ஓரம் சப்போட்டா மரத்தடியில் சலித்துப் பரப்பினோம்.

காலையில் கேமராவும் கையுமாக ஓடினேன். மரத்தடியில் பளிச்சென்று ஒரு சிக்குக் கோலம்! நடுவில் செம்பருத்திப் பூ வேறு. கீழ் வீட்டு மாலதி ஆன்ட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பில்லாத யாரோ மாவைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், வீணாகக்கூடாது என்று கோலமாக்கிவிட்டாராம். அதில் ஏதாவது தடம் இருந்ததா ஆன்ட்டி என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆமாண்டி கண்ணு, ஏதோ கழுதை மரத்துலேர்ந்து எறங்கி மாவு பூரா காலை வச்சு அசிங்கம் பண்ணியிருந்துச்சு, நான்தான் ஒரு தடம் விடாம சுத்தமாப் பெருக்கித் தள்ளினேன்!"

வடகத்துக்குப் பக்கத்தில்

தடம் போனால் போகட்டும், எச்சம் இருக்கிறதே. மரநாய் தின்ற பழத்தின் கொட்டைகள் அதன் எச்சத்தில் அப்படியே முழுசாக வந்துவிடும். அதைக் காயவைத்து, தண்ணீரில் அலசி, சல்லடையில் வடித்தால் அதன் சாப்பாட்டு விவரம் அத்தனையும் தெரிந்துவிடும். நாங்கள் சுவர் மேலிருந்து பொறுக்கியதை மொட்டை மாடியில் ஒரு தட்டில் காயவைத்தோம். அம்மா வடகம் காயப்போட்டிருந்ததற்குப் பக்கத்திலேயே. தெரியாமல்தான்.

அம்மா மேலே வந்து பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் காக்காய்கள் அந்த வாரம் முழுக்க எங்கள் மாடிக்கு வரவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஸ்டீபன் குறுக்கே புகுந்தான். "ஆன்ட்டி, வெளிநாட்டுல மரநாய்க்குக் காபிப் பழம் தின்னக் கொடுத்து, அது வெளியேத்துற கொட்டையை எடுத்துக் கழுவி வறுத்து அரைச்சு விக்கிறாங்க. தங்க விலை. பெரிய பெரிய பணக்காரங்கதான் குடிப்பாங்க." அம்மா கூச்சலை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், ஸ்டீபனைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"அந்தக் காபிக்குச் சிக்கரி சேர்ப்பாங்களா தம்பி?"

வால் மட்டும்

கடைசியில் மேடம் மனமிரங்கி, துறையில் இருந்த ஒரே தானியங்கிக் கேமராவைக் கொடுத்தார். ஏதாவது அசைந்தால் தானே படமெடுத்துக்கொள்ளும். சப்போட்டா மரத்தில் கட்டிவிட்டு, பழுத்த வாழைப்பழம் வைத்தோம். படத்தில் பூனை விழுந்தது. பெருச்சாளி விழுந்தது. வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றுகொண்டே கேமராவை உற்றுப் பார்க்கும் வாட்ச்மேன் விழுந்தார். அவரும் பாலூட்டிதான், ஆனால் ப்ராஜெக்டுக்கு ஆக மாட்டார்.

ஒரு நாள் படத்தின் ஓரத்தில் கருப்பாக, நீளமாக ஒரு வால். வெறும் வால். ஸ்டீபனும் நானும் வகுப்பறை என்றும் பார்க்காமல் குதித்தோம். அதே வேகத்தில் மேடத்திடம் கொண்டுபோய் நீட்டினோம். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நிதானமாகப் பார்த்தார்.

"வால் வந்துடுச்சு, சந்தோஷம், போய் மரநாயைக் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை சிமென்ட்

சப்போட்டா மரத்துக் கிளை எங்கள் மொட்டை மாடியைத் தொடும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் அறை ஒன்று உண்டு. அதன் வென்டிலேட்டர் உடைந்து கிடந்தது. உள்ளே என்னவோ உருட்டுகிறது, தூங்க முடியவில்லை என்று மூன்றாம் மாடிக்காரர்கள் புகார் சொல்ல, சங்கச் செயலாளர் சார் கொத்தனாரை வரவழைத்துவிட்டார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கேமராவைப் பார்க்க வந்திருந்த ஸ்டீபன் ஓடிவந்து சொன்னான். நுரையோடு மாடிக்கு ஓடினேன். கொத்தனார் ஏணி போட்டு, சிமென்ட் குழைத்துத் தயாராக நின்றார்.

"சார், அது உள்ள இருந்தா மூச்சு முட்டிச் செத்துடும்!" என்றேன். செயலாளர் சார் சிரித்தார். "அதுக்குத்தாம்மா பகல்ல ஏற்பாடு பண்ணேன். பகல்ல எல்லாரும் வெளிய போயிடுவாங்க இல்ல?" வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரநாயும் காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பும் என்றே நம்பியிருக்கிறார். நான் அதன் வரிசை, குடும்பம், லத்தீன் பெயர், வனவிலங்குச் சட்டம் எல்லாம் ஒப்பித்தேன். யார் காதிலும் ஏறவில்லை. கொத்தனார், "சீக்கிரம் சொல்லு சார், சிமென்ட்டு காஞ்சிகினு கீது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ப்ராஜெக்ட் ஞாபகம் அப்போது துளிகூட இல்லை.

ஸ்டீபன் மட்டும் விவாதிக்காமல் ஏணியில் ஏறி, ஃபோனை வென்டிலேட்டருக்குள் நீட்டி வீடியோ எடுத்துவிட்டு இறங்கினான். எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். உடைந்த கேரம் போர்டுக்குப் பின்னால், முழுசாக, வாலோடும் மூஞ்சியோடும் என் மரநாய். அதன் வயிற்றில் கண்கூடத் திறக்காத குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. பாலூட்டி என்றால் என்ன என்று எத்தனையோ பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டு மேலே வந்திருந்த மாலதி ஆன்ட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொத்தனாருக்கும் ஏணிக்கும் நடுவில் போய் நின்றார்.

"பச்சப்புள்ளக்காரி இருக்கற எடத்தை அடைப்பீங்களா, எவன் சிமென்ட்டைத் தொடறான்னு நானும் பாக்கறேன்!"

வாய்மொழித் தேர்வு

குட்டிகள் வளர்கிறவரை சாமான் அறைக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று செயலாளர் சாரே அறிவிப்பு எழுதி ஒட்டினார். முழுப் படம் கிடைத்த மகிழ்ச்சியில் மேடம் எனக்குக் கை கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு அலசிய எச்சங்கள்தான் என்னைத் திகைக்க வைத்தன. சப்போட்டாக் கொட்டை, பப்பாளி விதை, சரி. பூண்டுத் தோல்? கடுகு? முழுசாக ஒரு கருவேப்பிலை? விசாரித்ததில் மாலதி ஆன்ட்டி கொஞ்சமும் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டாமா என்று, தினமும் சாயங்காலம் வென்டிலேட்டருக்குக் கீழே பூண்டு தட்டிப்போட்ட சுறாப்புட்டு வைத்திருக்கிறார்.

'புறநகர் மரநாயின் இயற்கை உணவு' என்று தலைப்பு கொடுத்தவளுக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்? மறைக்க மனம் வரவில்லை. அட்டவணையில் சுறாவையும் சேர்த்து எழுதினேன். தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். மாடம்பாக்கத்துக்கும் கடலுக்கும் என்ன தூரம் என்று கேட்டார். நான் நாக்கு குழற, சிமென்ட்டிலிருந்து சுறாப்புட்டு வரை கொட்டித் தீர்த்தேன். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வெள்ளெலியின் வாசனை மூக்கில் ஏற ஆரம்பித்தது; தும்மினேன். வெளியூர்ப் பேராசிரியையோ சிரிக்காமல், "குட்டிங்க எப்படி இருக்கு?" என்றார். எல்லாமே பிழைத்து, கொழுகொழுவென்று மரமேறுகின்றன என்றேன். தலைப்பில் 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்தார், ஓரத்தில் மதிப்பெண் போட்டார், நல்ல மதிப்பெண்ணாகவே போட்டார். பிறகு ஃபைலை மூடிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"அந்த ஆன்ட்டி நம்பரைக் கொடும்மா, என் பொண்ணுக்கு அடுத்த மாசம் டெலிவரி."

ஆக, பாலூட்டிகளைப் பற்றி நான் வாங்கிய பட்டத்தில் பாதி எனக்கும் கால்வாசி ஸ்டீபனுக்கும் சேரும், மீதிக் கால்வாசியை மாலதி ஆன்ட்டியின் வாணலிக்குத்தான் கொடுக்க வேண்டும்.