இந்த முறை அருவிக்கு அல்ல
ரொறன்ரோவுக்கு வந்த இருபது வருடங்களில் நயாகராவுக்கு எத்தனையோ தடவை போய்விட்டேன். எல்லாம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அருவி காட்டத்தான். வழியிலுள்ள திராட்சைத் தோட்டங்களில் ஒருநாளும் இறங்கியதில்லை. இந்த முறை வைன் ருசி பார்க்கவே போவதென்று இரண்டு தோட்டங்களில் பதிவு செய்தேன். கணவர் தன் அக்காவிடம் நயாகரா என்று மட்டும் உளறிவிட்டார். மச்சாள் உடனே எனக்குப் போன் எடுத்தார்.

“நானும் வாறன். புட்டு அவிச்சுக்கொண்டு வாறன்.”

“அருவி பாக்கவெண்டே சொல்லும்,” என்று கணவர் கிசுகிசுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வயதில் எதற்குப் பொய்?

“மச்சாள், நாங்கள் வைன் குடிக்கப் போறம்.”

மச்சாள் திருப்பிக் கேட்டார்.

“ரெண்டுபேரும் குடிச்சா, திரும்பி வரேக்க கார் ஆர் ஓடுறது? நான்தான் ஓடுவன். புட்டும் வரும்.”