ஏழு முறை புதிதான உலர்த்தி

தெனே, அந்தப் பக்கத்து மரியாதைப்படி டேங் தெனே, மாகாண ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருடங்களாகத் தொழில்நுட்ப உதவியாளர். உருப்படியாக ஒரே ஓர் இயந்திரம் செய்திருக்கிறாள்: வெயிலிலும் சிரட்டைத் தணலிலும் கடற்பாசியைக் காய வைக்கும் உலர்த்தி. அது வந்த பிறகு தக்காலர் கடற்கரைப் பெண்கள் மழைக்காலத்தில் விறகுக்காக அலையாத்தி மரங்களை வெட்டுவதை விட்டார்கள்.

ஆனால் ரிப்பேருக்கென்று அரசாங்கம் ஒரு காசு ஒதுக்காது. புதுக் கண்டுபிடிப்புக்குத்தான் பணம்; பேனர் கட்டிப் படம் எடுப்பதும் அதற்குத்தான். ஆகவே பெல்ட் அறுந்தால்கூட தெனே உலர்த்திக்கு வேறு பெயர் சூட்டி, புதிய கண்டுபிடிப்பு என்று விண்ணப்பம் எழுதுவாள். ஆறு முறை பலித்தது. வெட்கக்கேடுதான், வேறு என்ன செய்ய?

இந்த நவம்பரில் விசிறியின் பேரிங் போயிற்று. தக்காலரில் உலர்த்தியைப் பார்த்துக்கொள்ளும் டேங் கெபோ போன் செய்தாள்.

"மழை தலைக்கு மேல நிக்குது டேங். பாசி அழுகினா நாங்க மரத்துக்குத்தான் போவோம். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"ரெண்டு வாரம் பொறுங்க. இன்னொரு பேரு யோசிக்கிறேன்."

"பேரு வெச்சு வெச்சு உங்களுக்கே அலுக்கலையா?"

"அலுத்துத்தான் போச்சு."

ஏழாவது பெயருக்கும் பணம் கிடைத்தது; பேரிங் வந்தது, விசிறி சுற்றியது. ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு நிலையத் தலைவர் சுல்காம் கடிதத்தோடு ஓடி வந்தார்.

"தேசிய அளவுல முதல் பரிசு, டேங்! தலைநகர்ல மூணு மாசக் கண்காட்சி. உலர்த்தியைப் பெட்டி கட்டச் சொல்லிட்டேன்."

"சார், அங்க ஓடுறது அது ஒண்ணுதான். அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு அனுப்பலாமே?"

"அதுக்கு ஏது பணம்? அதுதான் ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சே!"

இது பழைய இயந்திரம்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏழு விண்ணப்பமும் அம்பலமாகும், வேலையும் போகும். பெட்டிக்கு ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரியில் கண்காட்சிக் கூடத்தில், சிவப்புக் கம்பளத்தின் மேல் உலர்த்தி காலித் தட்டுகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது; பக்கத்தில் தெனே நின்றாள். கெபோவிடமிருந்து போன். மழை இரைச்சலுக்கு நடுவே வேறு ஒரு சத்தமும் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"கேக்காதீங்க டேங்."

தெனே மறுபடி கேட்கவில்லை. கோடரிச் சத்தம் அவளுக்குத் தெரியாததா? பார்க்க வந்த ஒருவர் விசிறிக்கு முன்னால் கையை நீட்டி, நன்றாக வேலை செய்கிறதே என்று பாராட்டினார். ஆமாம் என்றாள்.